இமயச் சாலையில் இருவரும் இரு நாய்களும்

தலைநகருக்குக் குடிவந்த நாள்தொட்டு, இமயமலையை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே 31 ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். விடுமுறை என்றால் நம்மவர்களுக்குத் தெற்கே செல்லும் இரயில்தான். உறவினர் வீட்டுத் திருமணம், குலதெய்வத்துக்குப் பொங்கல், பெற்றோரின் மருத்துவம், ஊர் நிலத்தைப் பற்றிய வழக்கு என்று எத்தனையோ காரியங்கள். அவற்றை ஒருவாறு முடித்துக்கொண்டு திரும்பும்போது விடுமுறையும் தீர்ந்திருக்கும், கைப்பணமும் தீர்ந்திருக்கும். செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் எடுப்பதற்காகச் சேர நாட்டிலிருந்து இமயம் வரை வந்தான் என்று பள்ளியில் உரக்கப் படித்தவர்கள் நாம். அந்த இமயத்தின் அடிவாரத்துக்கு ஐந்தாறு மணி நேரப் பிரயாணத்தில் குடியிருந்துகொண்டு, எட்டிக்கூடப் பாராமல் இருப்பது வெட்கம் அல்லவா? 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்த வெட்கத்தைத் தீர்த்துக்கொண்டோம். இருவராகப் போகவில்லை, நால்வராகப் போனோம்.

மற்ற இருவரையும் வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பது முறை. முதலாவது முத்து, இராஜபாளையம் ஜாதிப் பெண் நாய். உடல் முழுதும் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். உயர்ந்த ஜாதி நாய் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றால், அதற்குப் பிறவியிலேயே காது கேளாது. அந்த இனத்தில் அப்படிச் சில குட்டிகள் பிறப்பது உண்டு. விலை போகாத குட்டி என்று ஒதுக்கிவைத்திருந்ததை உறவினர் ஒருவர் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டாவது பூரி. எங்கள் தெருமுனையில் பூரி விற்கும் தள்ளுவண்டிக்கு அடியில் மழையில் நனைந்துகொண்டிருந்த தில்லித் தெருநாய். அதற்கு ஜாதியும் இல்லை, குலமும் இல்லை. ஆனால் காது மட்டும் இரண்டு நாய்களுக்கும் போதுமான அளவு உண்டு. வாசல்மணி அடித்தால் பூரி எழும். பூரி எழுவதைப் பார்த்து முத்து எழும்.

காது கேளாத நாயைப் பெயர் சொல்லி அழைத்துப் பயன் இல்லை. ஆகவே, பகலில் தரையைக் காலால் தட்டியும், இரவில் கைவிளக்கை இரு முறை அணைத்து ஏற்றியும் அழைக்கப் பழக்கினோம். விளக்கு இரு முறை சிமிட்டினால் ஒரு வாய் தயிர்சாதம் உண்டு என்பது முத்துவின் வேதம். இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

மலைப் பக்கத்து விடுதிகளுக்கு எழுதிக் கேட்டபோது, பெரும்பாலானவர்கள் நாய்களுக்கு இடம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அப்படியானால் கூடாரம் அடித்துத் தங்குவோம் என்று முடிவு செய்தோம். ஐம்பதைக் கடந்த பிறகு கூடாரமா என்று நண்பர்கள் சிரித்தார்கள். சங்கத்து நவராத்திரிக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தருமபுத்திரர்கூட நாயோடுதான் இமயம் போனார், ஆனால் அவர் திரும்பி வந்ததாகப் படிக்கவில்லையே!” என்றார். அனைவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்களுக்குள் எங்கோ ஒரு மூலையில் முள்ளாகத் தங்கியிருந்தது என்பதைப் பிறகு ஓர் இரவில் உணர்ந்தோம்.

ஸ்பிதிப் பள்ளத்தாக்கைச் சுற்றிவருவது எங்கள் திட்டம். சிம்லா வழியாகக் கின்னௌர் சென்று, ஸ்பிதியைக் கடந்து, குன்சும் கணவாய் ஏறி மணாலியில் இறங்கித் தில்லி திரும்புவது. மொத்தம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், 12 நாள். மணாலி வழியாக முதலில் ஏறினால் ஒரே நாளில் 4,500 மீட்டருக்கு மேல் போக நேரும். சிம்லா வழியில் உயரம் படிப்படியாக ஏறும். உடம்பு பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். இந்த விதி மனிதர்க்கு மட்டும் அன்று, நாய்களுக்கும் உண்டு என்று கால்நடை மருத்துவர் எச்சரித்தார். மூச்சு இரைந்து, உணவை மறுத்து, தள்ளாடினால் மருந்தைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும் என்பது அவர் சொன்ன முதல் பாடம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, பாதத்துக்குத் தோலுறை, நீர்க்கிண்ணம், இரண்டு வலுவான கயிறுகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். இராஜபாளையத்தின் ரோமம் தெற்கத்தி வெயிலுக்கு ஏற்றது, குளிருக்கு ஆகாது. எனவே பழைய கம்பளிச் சால்வை ஒன்றை வெட்டி முத்துவுக்கு ஓர் அங்கி தைத்தோம். அதை அணிந்ததும் முத்து ஓய்வுபெற்ற தாசில்தாரைப் போல நடக்கத் தொடங்கிற்று.

முதல் நாள் விடியுமுன் புறப்பட்டு, அன்று இரவு 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள நார்கண்டாவில், ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவரிடம் அனுமதி பெற்று அவர் நிலத்தின் ஓரத்தில் கூடாரம் அடித்தோம். அடித்தோம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டோம். உண்மையில் இரண்டு மணி நேரம் ஆயிற்று. முளைகளுள் ஒன்றைப் பூரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. தோட்டக்காரரின் பேரப்பிள்ளைகள் வந்து, சிரித்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அது ஆப்பிள் பறிக்கும் காலம். சாலை எங்கும் பெட்டிகள் ஏற்றிய லாரிகள், காற்றிலேயே பழவாசனை.

மறுநாள் சட்லெஜ் ஆற்றை ஒட்டிய பாதை. ஆறு கீழே சாம்பல் நிறத்தில் உறுமிக்கொண்டு ஓட, பாறையைக் குடைந்து வெட்டிய சாலை மேலே தொங்குகிறது. சில இடங்களில் பாறை நம் தலைக்கு மேல் கூரையாகக் கவிந்து நிற்கிறது. வளைவுகளில் நாய்கள் வாந்தி எடுக்காதிருக்கக் காலையில் உணவு கொடாமல் ஓட்டி, இரண்டு மணிக்கொரு முறை நிறுத்தி நடத்தினோம். கல்பாவில் இரண்டு இரவுகள். சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலில், பனிக்காலத்தை முன்னிட்டு 1951 அக்டோபரிலேயே நடந்த வாக்குப்பதிவில், முதல்வராக வாக்களித்த சியாம் சரண் நேகி என்ற பள்ளி ஆசிரியரின் ஊர் அது. அவர் 2022 நவம்பரில் மறைந்தார். அதிகாலையில் எதிரே கின்னர் கைலாசத்தின் உச்சிகள் பொன் பூசியதுபோல் ஒளிர்ந்தன. நாங்கள் இருவரும் கைகூப்பி நின்றோம். நாய்கள் இரண்டும் சமையல் பாத்திரத்தைப் பார்த்து நின்றன. அவரவர் தரிசனம் அவரவர்க்கு.

காப் என்னும் இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜுடன் கலக்கிறது. அதற்கு அப்பால் மரம் என்பதே அருகிவிடுகிறது. பச்சை இல்லாத மலை. ஆனால் வெறுமையான மலை என்று சொல்ல முடியாது. ஊதா, காவி, செம்மண், சாம்பல் என்று ஒவ்வொரு வளைவிலும் நிறம் மாறுகிறது. நாகோவில் ஓர் இரவு தங்கி மேலே சென்றோம். கின்னௌர் முடிந்து ஸ்பிதி தொடங்கும் சும்தோச் சாவடியில் வண்டி எண்ணையும் அடையாள அட்டையையும் குறித்துக்கொள்கிறார்கள். இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. அங்கே அருகில் ஒரு தேநீர்க் கடையில், “முத்து, கொஞ்சம் பொறு” என்று பழக்கதோஷத்தால் சொல்லிவிட்டோம். முத்துவுக்குக் கேட்கவில்லை. ஆனால் கடைக்குள் இருந்த இராணுவ வீரர் ஒருவருக்குக் கேட்டுவிட்டது. தேநீர்க் குவளையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். முத்துவைப் பார்த்தார். “அம்மா, இது நம்ம ஊர் நாயாச்சே!” என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தவராம். மண்டியிட்டு உட்கார்ந்து, அதன் முகத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, தம் வீட்டு நாயிடம் பேசுவதுபோல் ஏதேதோ பேசினார். அதற்குக் காது கேளாது என்பதை நாங்கள் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை. ஊரைவிட்டு வந்த நாம் எல்லோரும் சில சமயம் அப்படித்தானே பேசுகிறோம்?

தாபோ மடம் கி.பி. 996இல் தோன்றியது, ஆயிரம் ஆண்டு கடந்த மண் சுவர்கள். 1975இல் வந்த கின்னௌர் நிலநடுக்கத்தில் சேதமுற்றும் நிலைத்து நிற்கிறது. நாய்களை உள்ளே கொண்டுபோவது முறை அன்று. எங்களில் ஒருவர் உள்ளே சென்று ஓவியங்களைப் பார்க்க, மற்றவர் வெளியே நாய்களோடு உட்கார்ந்திருந்தோம், பிறகு மாறிக்கொண்டோம். இப்படிப் பாதிப் பாதியாகப் பார்த்ததை இரவில் கூடாரத்தில் ஒன்றாகச் சேர்த்துப் பேசிக்கொண்டோம். எங்கள் மணவாழ்க்கையில் இவ்வளவு நேரம் இடையூறு இன்றிப் பேசியது சமீபத்தில் நினைவில் இல்லை.

காஜாவில் இரண்டு நாள் இளைப்பாறினோம். 3,700 மீட்டர் அளவில் உள்ள அவ்வூரில், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீர் 100 பாகைக்குக் காத்திராமல் 88 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று நம்பித் திறந்த பாத்திரத்தில் அரிசியைப் போட்டால், முக்கால் மணி நேரம் கழித்தும் அரிசி அரிசியாகவே இருக்கிறது. பிரஷர் குக்கர் இல்லாமல் தமிழன் இமயத்தில் பிழைக்க முடியாது என்பது எங்கள் அநுபவ முடிவு. அந்த ஊரார் எங்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்கள்: “நாய்களைக் கயிற்றை விட்டு அவிழ்க்காதீர்கள். இங்கே கேட்பாரற்ற நாய்கள் கூட்டமாகத் திரிந்து ஆடுகளையும் கன்றுகளையும் கொல்கின்றன. இரவில் மந்தைக்கருகே அயல் நாய் வந்தால், அது யாருடைய நாய் என்று எவரும் விசாரிக்க மாட்டார்கள்.” தலையை ஆட்டினோம்.

தலையை ஆட்டியவர்கள் மூன்றாம் நாளே அதை மறந்தோம்.

லோசர், குன்சும் கணவாய்க்கு இப்பால் ஸ்பிதியின் கடைசிக் கிராமம். 4,000 மீட்டருக்கு மேல். ஊருக்கு வெளியே ஆற்றங்கரைப் புல்வெளியில், கிராமத்தாரிடம் கேட்டுக்கொண்டு கூடாரம் அடித்தோம். வழியில் ஓர் ஓடையில் இறங்கியதில் முத்துவின் கம்பளி அங்கி நனைந்துவிட்டது. அதைக் கழற்றிக் கூடாரக் கயிற்றில் காயப்போட்டோம். நாள் முழுதும் வண்டிக்குள் சுருண்டு கிடந்த ஜீவன்கள் சற்று ஓடட்டும் என்று முத்துவின் கயிற்றை அவிழ்த்தோம். அவிழ்த்தவர் எங்களில் யார் என்ற வழக்கு இன்றும் வீட்டில் தீர்ப்பாகவில்லை. பத்திரிகைக்கு வேண்டிய உண்மை, நாங்கள் அவிழ்த்தோம் என்பதே.

சூரியன் மலைக்குப் பின்னே சென்றதும் காற்று ஒன்று எழுந்தது. கூடாரம் பாய்மரம்போல் உப்பி, இரண்டு முளைகள் பிடுங்கிக்கொண்டன. இருவரும் ஓடிப் போய்க் கற்களைத் தூக்கி வைத்துக் கட்டினோம். கால் மணி நேரம் இருக்கலாம். நிமிர்ந்து பார்த்தபோது பூரி கட்டிய இடத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தது. முத்துவைக் காணோம்.

கூப்பிட்டுப் பயன் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டோம். காது கேளாத நாயை அந்த மலைகளுக்கு நடுவே பெயர் சொல்லி அலறினோம். அந்தப் பெயர் எதிரொலித்து எங்களிடமே திரும்பி வந்தது. இருட்டு சரசரவென்று இறங்கிற்று. குளிர் பல்லைக் கிட்டியது. முத்துவின் அங்கி கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்தோறும் வயிறு கலங்கிற்று. மேட்டின்மேல் நின்று கைவிளக்கைச் சிமிட்டினோம். இரு முறை, நிறுத்தி மறுபடி இரு முறை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ஒரு மணி. பூரி ஆற்றின் மேல்திசையை நோக்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. ஆடு துரத்தத் துடிக்கிறது என்று எண்ணி அதை அதட்டி உட்காரவைத்தோம். பெரியவர் சொன்ன தருமபுத்திரர் கதை அப்போது நினைவுக்கு வந்தது. இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்தது என்பதை மறுநாள்தான் சொல்லிக்கொண்டோம். நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்றாராம் அவர். நாங்களோ ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிரமத்துக்காகக் கைவிட்டோம்.

மேற்கே, மேட்டுச் சரிவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது அசைந்து அசைந்து எங்களை நோக்கி இறங்கி வந்தது. மேய்ப்பர் ஒருவர், தடித்த கம்பளி அங்கி, கையில் கோல். மந்தையை ஓட்டிக்கொண்டு மலை இறங்கும் வழியில் அங்கே தங்கியிருந்தாராம். “விளக்கை இப்படி மாற்றி மாற்றிக் காட்டுகிறீர்களே, யாருக்காவது மூச்சு அடைத்துவிட்டதோ என்று வந்தேன்” என்றார் இந்தியில். முத்துவை அழைக்கக் காட்டிய விளக்கு ஒரு மனிதரை அழைத்து வந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னோம். “வெள்ளை நாயா?” என்று கேட்டார். ஆம் என்றோம். அவர் சிரித்தார். “என் மந்தையில் ஒரு வெள்ளை விருந்தாளி இருக்கிறது. என் நாய் குரைத்த குரைப்பில் மலையே பிளந்திருக்க வேண்டும். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருட வந்த நாய் என்றால் ஓடும், அல்லது எதிர்க்கும். இது இரண்டும் செய்யாமல் ஆடுகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டது. என் நாய்க்கு என்ன செய்வது என்று புரியவில்லை” என்றார்.

அரைக் கிலோமீட்டர் ஏற்றந்தான். அந்த உயரத்தில் இருபது அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினோம். பூரி முன்னே இழுத்துச் சென்றது. அது முதலிலிருந்தே இழுத்த திசையும் அதுதான். மந்தையை அடைந்தபோது கைவிளக்கின் ஒளியில் நூற்றுக்கணக்கான கண்கள் பச்சையாக மின்னின. ஓரத்தில் கரடி போன்ற ஒரு பெரிய நாய் எழுந்து நின்றது. சிறுத்தை கழுத்தைக் கவ்வாதிருக்க முட்கள் வைத்த இரும்புப் பட்டை அதன் கழுத்தில். மேய்ப்பர் ஒரு சொல் சொன்னதும் உட்கார்ந்தது. நாங்கள் விளக்கை இரு முறை சிமிட்டினோம். ஆடுகளின் நடுவிலிருந்து ஒரு தலை உயர்ந்தது. ரோஜா நிற மூக்கு. கொட்டாவி விட்டு, சோம்பல் முறித்து, ஆடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு வந்து, தயிர்சாதம் எங்கே என்பதுபோல் கையை முகர்ந்தது. தொட்டுப் பார்த்தோம், எங்களைவிடச் சூடாக இருந்தது. அங்கியைக் கழற்றிய உடம்பு குளிரில் கம்பளியைத் தேடிப் போயிருக்கிறது. உயிருள்ள கம்பளி அங்கே நூற்றுக்கணக்கில் படுத்திருந்தது.

எங்களில் ஒருவர் அழுதோம். மற்றவர் மூக்கைச் சிந்துவதுபோல் நடித்தோம்.

மேய்ப்பர் அதற்குப் பிறகுதான், கோபம் இல்லாமல், ஒன்று சொன்னார். “உங்கள் நாய் நல்ல நாய். ஆனால் கெட்ட நாயாக இருந்திருந்தால், விடிவதற்குள் எனக்குப் பத்து ஆடு போயிருக்கும். இருட்டில் எனக்கு எப்படித் தெரியும்?” அதுவரை எங்கள் இழப்பை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தோம். அவருடைய ஆண்டு முழுதும் உழைத்த உழைப்பு அந்தச் சரிவில் படுத்திருந்தது என்பது எங்கள் புத்தியில் அப்போதுதான் ஏறிற்று. கயிறு நம் நாயைக் காப்பதற்கு மட்டும் என்று எண்ணியிருந்தோம். மன்னிப்புக் கேட்டோம். பணம் கொடுக்க முயன்றோம், கையை ஒதுக்கிவிட்டார். மறுநாள் காலையில் வந்து காப்பி குடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம், அதை ஒப்புக்கொண்டார்.

இரவு குடத்து நீரின் மேல் ஏடாகப் பனிக்கட்டி படிந்தது. நால்வரும் ஒரே கம்பளிக்குள் கிடந்தோம். காலையில் அவர் தம் நாயோடு வந்தார். பித்தளை வடிகட்டியில் டிகாக்ஷன் இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, ஒரு வாய் குடித்து, “கசக்கிறது, ஆனால் உடம்பு விழித்துக்கொள்கிறது” என்று இரண்டாவது குவளையும் கேட்டார். 2005ஆம் ஆண்டில் நம் அஞ்சல் துறை நாட்டு நாய்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றுள் இராஜபாளையமும் இருந்தது. இமாலய ஆட்டுநாயும் இருந்தது. தபால்தலையில் இடம் பெற்ற இரண்டும், லோசர்ப் புல்வெளியில் ஒன்றையொன்று முகர்ந்து பார்த்துக்கொண்டன. தெருவில் பிறந்து எந்தத் தபால்தலையிலும் இடம் பெறாத பூரி இரண்டுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று குன்சும் ஏறினோம். கணவாய் உச்சியில் தேவி சந்நிதியை வண்டிகள் ஒரு முறை வலம்வந்துவிட்டே செல்கின்றன; நாங்களும் வலம்வந்தோம். அங்கிருந்து சந்திரதால் ஏரிக்குப் பிரியும் பாதையில் போவதாகத் திட்டம் இருந்தது. போகவில்லை. அது வனவிலங்குகளுக்கு உரிய இடம். முந்திய இரவுக்குப் பிறகு, நாய்களை அங்கே கொண்டுபோக மனம் துணியவில்லை. சிறிதும் வருந்தாமல் பாத்தல், சத்ரு வழியாகக் கல்லும் நீரும் கலந்த பாதையில் குலுங்கிக் குலுங்கி இறங்கினோம். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபுறம் வந்தால், ஒரே மூச்சில் உலகம் பச்சையாகிவிட்டது. தேவதாரு வாசனை பட்டதும் பூரி ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிற்று. மணாலியில் ஓர் இரவு, மறுநாள் சமவெளி.

நம் சங்கத்து அன்பர்களில் நாய் வளர்ப்போர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் செல்ல விரும்பினால் தயங்க வேண்டாம். செப்டம்பர் நல்ல மாதம். மெல்ல ஏறுங்கள், குக்கரை மறவாதீர்கள், ஊராரைக் கேட்டுக் கூடாரம் அடியுங்கள், நாய் கழித்ததை நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள். கயிற்றைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நவராத்திரிக் கூட்டத்தில் அந்தப் பெரியவரைக் கண்டோம். “திரும்பி வந்துவிட்டீர்களே!” என்றார். “நால்வரும் வந்துவிட்டோம்” என்றோம். அதற்கு மேல் அன்று பேச முடியவில்லை. இரவு வீடு திரும்பியபோது மின்சாரம் இல்லை. கதவைத் திறந்து, வழி தெரிவதற்காகக் கைவிளக்கை ஏற்றினோம். பொத்தான் சரியாகப் பதியாமல் அணைந்து மறுபடி எரிந்தது. இருட்டுக்குள்ளிருந்து இரண்டு நாய்களும் ஓடி வந்து நின்றன. அந்த நேரத்தில் தயிர்சாதம் பிசைய வேண்டியதாயிற்று.